பெரிய விலங்குக்கு எந்தக் காலிபர்? தொடங்குகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

துப்பாக்கிக் குழலின் உள்துளை எவ்வளவு அகலம் என்பதைத்தான் காலிபர் என்கிறோம். தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் ஏறி ராஜகோபால பீரங்கியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி, அடித்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்தது அது. சுமார் 26 அடி நீளம். வாய் ஏறத்தாழ இரண்டு அடி அகலம். அந்த வாயைப் பார்த்தால் எவ்வளவு பெரிய குண்டு உள்ளே போகும் என்று சொல்லிவிடலாம். அந்தக் குண்டு எவ்வளவு வேகமாகப் போகும், எவ்வளவு தூரம் போகும், பட்ட இடத்தில் என்ன செய்யும் என்பதை அந்த அகலத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு வெடிமருந்து போட்டார்கள், குண்டு கல்லா இரும்பா, எடை என்ன என்றெல்லாம் கேட்க வேண்டும். வேட்டை ரைஃபிளுக்கும் இதே கதைதான். ஆனால் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கேட்பது அகலத்தைப் பற்றித்தான்.

நான் கல்லூரியில் பல வருடங்கள் என்.சி.சி. பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவன். மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களில் சிலர் இப்போது மெல்பர்னிலும் டெக்ஸாஸிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இருக்கிறார்கள். அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது. உடன் வேலை பார்ப்பவர்கள் கூப்பிடுகிறார்கள், இவர்களும் லைசென்ஸ் வாங்குகிறார்கள், அப்புறம் எனக்கு ஃபோன் வருகிறது: "சார், கடமானுக்கு எந்தக் காலிபர் வாங்கலாம்?" அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வேட்டைக்கு இடம் இல்லை. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், லைசென்ஸ் வேட்டையையும் எடுத்துவிட்ட 1991-ம் வருடத் திருத்தமும் அதை முடித்துவைத்துவிட்டன. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். அங்கே மேய்கிற வெளிமானைக் கொன்றால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. வயலில் இறங்கிப் பயிரை உழப்பும் காட்டுப்பன்றியைக்கூட நாமாகச் சுட முடியாது. வனத்துறையின் உத்தரவு வேண்டும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும், இரைக்குள் வெடிமருந்து வைக்கிற அவுட்டுக்காயும் குற்றம் என்பது ஒரு பக்கம். அவுட்டுக்காயைக் கடித்த விலங்கு வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது என்பது இன்னொரு பக்கம். அந்தச் சாவை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காலிபர் தேர்வு என்று நான் இங்கே பேசுவது எல்லாமே அப்படி ஒரு சாவு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு .22 ரைஃபிள் தெரியும். இப்படிப் புள்ளி வைத்து வருகிற எண்கள் அங்குலக் கணக்கு. அதன் குண்டு சுமார் 2.6 கிராம். குழலை விட்டு வெளியே வரும்போது வினாடிக்கு 365 மீட்டர் அளவு வேகம். கணக்குப் போட்டால் ஆற்றல் 170 ஜூல் வருகிறது. இப்போது ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளில் போடும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இணையான வேட்டைத் தோட்டாவுக்கு .223 ரெமிங்டன் என்று பெயர். இரண்டு குண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குறுக்களவில் ஒரு தலைமுடி வித்தியாசம்கூடத் தெரியாது. ஆனால் இரண்டாவது குண்டு 3.6 கிராம், வினாடிக்கு 990 மீட்டர் வேகம், ஆற்றல் 1,700 ஜூலுக்கு மேல். அகலம் ஒன்றுதான், பலம் பத்து மடங்கு. காரணம் குண்டுக்குப் பின்னால் இருக்கிற பித்தளைக் கூடு. குண்டு, மருந்து, கூடு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. ஒன்றில் சிட்டிகை மருந்து, இன்னொன்றில் கூடு நிறைய மருந்து.

பெரிய விலங்கு வேட்டையில் அதிகம் புழங்கும் .30 வகையிலும் இப்படியே. .30-30 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, .300 வின்செஸ்டர் மேக்னம் என்று நான்கு தோட்டாக்கள். நான்கிலும் குண்டின் குறுக்களவு .308 அங்குலம், அதாவது 7.8 மில்லிமீட்டர்தான். 1895-ல் வந்த .30-30 குழல் வாயில் சுமார் 2,600 ஜூல் தரும். 1963-ல் வந்த .300 மேக்னம் 4,700 ஜூலைத் தாண்டும். இரண்டையும் ".30 காலிபர்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடலாம். அதனால் காலிபர் எது என்பதோடு நிற்காமல், எந்தத் தோட்டா, அதில் எந்தக் குண்டு என்று மூன்றையும் சேர்த்தே கேட்கப் பழக வேண்டும்.

பெயர்களில் ஒழுங்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். .30-06-ல் வரும் 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906-ம் வருடம். .30-30-ல் இரண்டாவது 30 அதில் போட்ட மருந்தின் எடை. .270 வின்செஸ்டரின் குண்டு உண்மையில் .277 அங்குலம். குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடுவதற்காகச் சுருள் சுருளாக வரிகள் வெட்டியிருப்பார்கள். மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்தால் ஓர் அளவு, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் இன்னோர் அளவு, பெயர் வைத்தவர் எதை அளந்தாரோ அதுவே பெயர். ஐரோப்பியர்கள் கொஞ்சம் நேர்மையானவர்கள்: 7×57 என்றால் 7 மில்லிமீட்டர் துளை, 57 மில்லிமீட்டர் நீளக் கூடு. இதில் புதியவர் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். குழலின் மேல் பொறித்திருக்கிற முழுப்பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கிற முழுப்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டால் ரைஃபிள் வெடித்து முகத்தோடு போகும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1900-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு .450 காலிபர் ரைஃபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. அந்த அளவுக் குண்டுகள் பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்குப் போய்ச் சேர்ந்து கலகக்காரர்கள் கைக்குப் பயன்படுமோ என்ற பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? துளையைக் கொஞ்சம் மாற்றி .465, .470, .476 என்று புதுப் புது அளவுகளைக் கொண்டுவந்துவிட்டன. இன்றைக்கு ஆப்பிரிக்காவில் யானை, எருமை வேட்டைக்கு இரட்டைக்குழல் ரைஃபிள் தூக்குகிறவர்கள் கையில் .470 இருக்கிறதென்றால் அதற்கு வேர் அந்தத் தடையில் இருக்கிறது. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் பார்த்துப் பழகிய 'த்ரீ நாட் த்ரீ'யும் அப்படித்தான்: அது ராணுவ அளவு என்பதால் பொதுமக்களுக்குக் கிடையாது, லைசென்ஸ்காரர்களுக்கு என்று .315 ரைஃபிள் தனியாக வந்தது. அந்த அளவுகளுக்குப் பின்னால் விலங்கின் தேவை எதுவும் இல்லை. அரசாங்கத்தின் பயம்தான் இருந்தது.

இனி விலங்குப் பக்கத்திலிருந்து பார்ப்போம். காலிபரை இந்தப் பக்கத்திலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

ஒரு பெரிய விலங்கு சீக்கிரம், வேதனை குறைவாகச் சாக வேண்டுமானால் குண்டு இதயத்தையோ இரண்டு நுரையீரல்களையுமோ துளைத்துப் போக வேண்டும். ரத்த அழுத்தம் சரிந்து சில வினாடிகளில் மயங்கி விழும். இதயத்தில் பட்ட மான்கூட ஐம்பது நூறு மீட்டர் ஓடிவிட்டுத்தான் விழும், அது இயல்பு. அந்தப் பகுதி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. நடுத்தர மானுக்கு அது ஒரு சாண் அகலம். ஐரோப்பா, வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் இருக்கிற மூஸ் என்கிற அரை டன் மானுக்கு ஒன்றரைச் சாண். அங்கே போய்ச் சேர்வதற்குள் குண்டு தோலையும் தசையையும், சில நேரம் தோள்பட்டை எலும்பையும் தாண்ட வேண்டும். உங்கள் தோட்டாவிடம் நீங்கள் கேட்கும் வேலை அவ்வளவுதான்: இந்த விலங்கில், இந்தத் தூரத்திலிருந்து, அவ்வளவு ஆழம் போக முடியுமா?

விலங்குகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு நம் காட்டு விலங்குகளையே எடுத்துக்கொள்ளலாம். கோடியக்கரையில் நாம் கும்பிட்டுக் காக்கிற வெளிமானை 1932-ல் டெக்ஸாஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது பெருகி, இப்போது சட்டப்படி வேட்டையாடப்படுகிறது. எடை முப்பது நாற்பது கிலோ. 6.5 கிராம் குண்டோடு 2,600 ஜூல் தரும் .243 வின்செஸ்டர் அதற்குத் தாராளம். அதே டெக்ஸாஸின் தெற்கே நம் வடநாட்டு நீல்காயும் இருக்கிறது. இருநூறு கிலோவுக்கு மேல், தடித்த தோல், அடிபட்டாலும் விடாமல் ஓடும் உறுதி. அங்கே உள்ளவர்கள் அதற்கு .300 மேக்னமோ .338 மேக்னமோ எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1860-களில் விட்ட நம் கடமான் மலைக்காடு முழுக்கப் பரவியிருக்கிறது. பெரிய கிடா இருநூற்றைம்பது கிலோகூட வரும். அங்கே சட்டமே வெகுகாலம் சொல்லிவந்தது: கடமானுக்குக் குறைந்தது .270 காலிபர், குண்டு 130 கிரெயினுக்குக் குறையக் கூடாது.

கிரெயின் என்றதும் விழிக்க வேண்டாம். தோட்டாக்காரர்கள் குண்டின் எடையை இன்னமும் பழைய தானிய எடையில்தான் சொல்கிறார்கள். 15.4 கிரெயின் ஒரு கிராம். 130 கிரெயின் குண்டு எட்டரைக் கிராம், அதாவது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல். .30-06-ல் சாதாரணமாகப் போடும் 180 கிரெயின் குண்டு ஏறத்தாழ ஒன்றரைப் பவுன். ஆப்பிரிக்க எருமைக்கு எடுக்கிற .375-ன் 300 கிரெயின் குண்டு இரண்டரைப் பவுனை நெருங்கும். நகைக்கடையில் காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த யாருக்கும் இந்த எடைகள் கையிலேயே தெரியும்.

எடையையும் அகலத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஓர் அளவு இருக்கிறது. ஒரே எடையில் இரண்டு குண்டுகள், ஒன்று மெலிந்தது, இன்னொன்று பருத்தது என்றால், மெலிந்தது நீளமாக இருக்கும். எடை முழுவதும் சின்னப் பரப்பின் மேல் அழுத்துவதால் ஆழமாக இறங்கும். ஸ்வீடன்காரர்கள் 1894-ல் வந்த 6.5×55 தோட்டாவால் இன்றைக்கும் மூஸ் வேட்டையாடுவதன் ரகசியம் இது. துளை வெறும் ஆறரை மில்லிமீட்டர். ஆனால் அதில் 10 கிராம் எடையில் நீளக் குண்டு போடுகிறார்கள். அகலத்தை மட்டும் பார்த்தால் 'இது மூஸுக்குப் போதாது' என்று தோன்றும். ஸ்வீடன் சட்டம் அகலத்தைப் பார்ப்பதில்லை. குண்டு 9 கிராமாவது இருந்து 100 மீட்டரில் 2,700 ஜூல் தர வேண்டும், அல்லது 10 கிராம் இருந்து 2,000 ஜூல் தர வேண்டும் என்கிறது. புத்திசாலித்தனமான சட்டம் என்று நான் நினைக்கிறேன். கனமான குண்டுக்குக் குறைந்த ஆற்றல் போதும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

மற்ற நாட்டுச் சட்டங்களும் தொடங்குகிறவருக்கு நல்ல வழிகாட்டி. ஜெர்மனியில் காட்டுப்பன்றிக்கும் சிவப்பு மானுக்கும் குறைந்தது 6.5 மில்லிமீட்டர், 100 மீட்டரில் 2,000 ஜூல். நமீபியாவில் குழல் வாய் ஆற்றலை வைத்து மூன்று படி: ஸ்பிரிங்பக் போன்ற சின்ன மான்களுக்கு 1,350 ஜூல், குடு, ஓரிக்ஸ், ஈலண்ட் போன்ற பெரிய மான்களுக்கு 2,700, எருமை, யானை போன்றவற்றுக்கு 5,400. ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாவதைக் கவனியுங்கள். .308 வின்செஸ்டரில் 9.7 கிராம் குண்டு சுமார் 3,600 ஜூல் தருகிறது. இரண்டாம் படியைச் சுலபமாகத் தாண்டும், மூன்றாம் படிக்கு எட்டாது. 1912-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 மேக்னம் 5,700 ஜூலுக்கு மேல் போகிறது. ஆப்பிரிக்காவில் ஆபத்தான விலங்குக்குக் குறைந்தபட்சம் .375 என்று வழிவழியாகச் சொல்லி வருவது இதனால்தான். .416 ரிக்பி கிட்டத்தட்ட 6,900.

ஜூல் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுத்தால் ஒரு பெரிய பள்ளத்தில் விழுவீர்கள். அந்தப் பள்ளம் குண்டின் கட்டமைப்பு. என் கணக்கில் காலிபரைவிட இது முக்கியம். கடையில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

வேட்டைக் குண்டு பொதுவாக ஈயக் கருவும் செப்பு உறையும் கொண்டது. நுனியில் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் நுனி மலர்ந்து, அசல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு வரை விரிந்து, அகலமான வழியை வெட்டிக்கொண்டு போகும். உறை மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் விரியும், ஆழம் போகாது. நரி மாதிரிச் சின்ன விலங்குக்குச் செய்த மெல்லுறைக் குண்டை ஒரு பெரிய கடமானின் தோளில் சுட்டால், எவ்வளவு பெரிய காலிபராக இருந்தாலும் எலும்பின் மேலேயே சிதறிவிடும், நுரையீரலைத் தொடாது. விலங்கு மூன்று காலில் காட்டுக்குள் போய் வாரக்கணக்கில் புழுத்துச் சாகும். அதற்கு நேர் எதிர், முழு உறைபோட்ட ராணுவக் குண்டு: விரியவே விரியாது, மெல்லிய ஓட்டை ஒன்றைப் போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். பெரிய விலங்குக்கு அதைப் பல இடங்களில் சட்டமே தடுக்கிறது. இவற்றுக்கு நடுவில்தான் நல்ல வேட்டைக் குண்டுகள் இருக்கின்றன. ஈயமும் உறையும் பிரியாதபடி பிணைத்தவை ஒரு வகை. ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் செய்து நுனியில் குழி வைத்தவை இன்னொரு வகை. எடை சிந்தாமல் ஆழம் போகும். ஈயத் துணுக்குகள் கறியிலும், மிச்சத்தைத் தின்னும் கழுகுகளின் வயிற்றிலும் போகிறது என்பதால் கலிஃபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டையே தடைசெய்துவிட்டது. செம்பைத் தேர்ந்தெடுக்கிறவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன்.

இந்த இடத்தில் யாராவது பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றவர். அதில் பெரும்பகுதிக்கு அவர் எடுத்தது சின்ன 7 மில்லிமீட்டர் ரைஃபிள். 'அவரே சின்னக் காலிபரால் யானை சுட்டாரே' என்பார்கள். அவ்வளவு யானைகள் செத்ததை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் போட்டது விரியாத, நீண்ட, முழு உறைக் குண்டு. மண்டையோட்டுக்குள் மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் போனால் எட்டும் என்பதை ஊன்றிப் படித்தவர். சின்னக் காலிபரால் முடியும் என்பதற்கு அவரைச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது; குண்டின் கட்டமைப்பும் குறியும் எவ்வளவு முக்கியம் என்பதற்குத்தான் அவர் சாட்சி. இன்றைக்கு யாரும் அப்படிச் செய்ய ஆப்பிரிக்கச் சட்டங்கள் விடுவதும் இல்லை.

அடுத்தது உதை. 'பெரிதாக வாங்கிவைத்தால் எதற்கும் ஆகுமே' என்கிற எண்ணம் நம்மவர்களிடம் அதிகம். துப்பாக்கியில் இந்தக் கணக்கு தப்பு. குண்டை முன்னால் தள்ளுகிற வேகம் பின்னால் உங்கள் தோளையும் தள்ளும். ஒரே எடையுள்ள ரைஃபிள்களில் .308-ஐவிட .375 ஏறத்தாழ இரண்டு மடங்கு உதைக்கும், .458 மூன்று மடங்கு. .22-ல் ஒரே ஓட்டையில் ஐந்து குண்டைப் போடுகிற பிள்ளைகள், முகாமில் ராணுவத்தின் 7.62 ரைஃபிளைக் கையில் எடுத்ததும் இலக்கையே தொடாமல் சுடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விரல் விசையை அழுத்துவதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடிவிடும், தோள் பின்வாங்கும், குழல் கீழே இறங்கும். பயத்தை உடம்பு கற்றுக்கொண்டுவிட்டால் அதை மறக்கவைக்க மாதக்கணக்கில் ஆகும். .300 மேக்னத்தால் குடலில் சுடுவதைவிட .308-ஆல் நுரையீரலில் சுடுவது அந்த விலங்குக்கு ஆயிரம் மடங்கு கருணை. ஒருவர் கண் சிமிட்டாமல் சுடக்கூடிய தோட்டா எதுவோ அதுவே அவருக்கு உச்சவரம்பு. அந்த வரம்புக்கு மேல் உள்ள விலங்கை அவர் வேட்டையாடப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். குண்டு குழலை விட்ட கணத்திலிருந்து விழுந்துகொண்டேதான் போகிறது. .308-ஐ 200 மீட்டருக்குக் குறிசேர்த்து வைத்தால் 300 மீட்டரில் ஒரு சாண் கீழே அடிக்கும். மானின் உயிர்நிலையே ஒரு சாண்தான் என்று முன்பே பார்த்தோம். வேகமான தோட்டா கொஞ்சம் குறைவாக விழும். ஆனால் புதியவருக்கு 150 மீட்டருக்கு மேல் சுட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இன்னும் கிட்டே போகக் கற்றுக்கொள்வது வேட்டையில் பாதி.

நம் டெல்டாக்காரர்கள் வெளிநாட்டில் போய்க் கவனிக்கத் தவறுகிற ஒன்று இருக்கிறது. நாம் வளர்ந்தது தட்டை நிலத்தில். வரப்பைத் தவிர மேடு கிடையாது. பார்வை தென்னந்தோப்பு வரைக்கும் தடையில்லாமல் போகும். ரைஃபிள் குண்டுக்கும் தடை இல்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. .30-06 குண்டை மேல்நோக்கி விட்டால் நான்கு கிலோமீட்டருக்கு மேல் போகும்; .22-கூட இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும். நான்கு கிலோமீட்டர் என்றால் காவிரிக் கரையில் இரண்டு மூன்று ஊர்கள் வந்துவிடும். தண்ணீர் நிற்கிற வயலில் தாழ்ந்த கோணத்தில் பட்டால் குண்டு சேற்றில் புதையாமல் துள்ளி எழும்பிப் போகும். நம் பக்கத்தில் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள் வீட்டில் சின்னச் சின்ன ரவைகளைச் சுடும் 'ட்வெல்வ் போர்' (12 bore) துப்பாக்கியையே பார்ப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்: அதன் ரவைகள் சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். தட்டை நிலத்தில் ரைஃபிள் வேட்டை நடக்கிற ஜெர்மனியில் உயரமான மேடை கட்டி, அதில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுடுவார்கள். தவறினாலும் குண்டு மண்ணுக்குள் போய்விடும். நம் வயல்களில் காவலுக்குப் போடுகிற பரண்தான் அது. டெக்ஸாஸின் தெற்குச் சமவெளியிலும் இதே எச்சரிக்கை தேவை. விலங்குக்குப் பின்னால் மண் தெரியவில்லை, வானம்தான் தெரிகிறது என்றால் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். காலிபர் பெரிதாகப் பெரிதாக இந்த விதி இன்னும் கடுமையாகிறது. விலங்கைத் துளைத்துப் போன குண்டும் குண்டுதான்.

சரி, கடைசியில் என்ன வாங்குவது? என் மாணவர்களுக்குச் சொல்வது இது. மான் வகைகளும் காட்டுப்பன்றியும், கடமான் வரைக்கும் என்றால் .308 வின்செஸ்டர். 1952-ல் வந்தது, எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், பழகுவதற்கு விலை தாங்கும், உதை சமாளிக்கலாம். 165 அல்லது 180 கிரெயின் பிணைத்த குண்டோ, கொஞ்சம் எடை குறைந்த செப்புக் குண்டோ போடுங்கள். மூஸ், எல்க், நீல்காய் என்று மேலே போகிற எண்ணம் இருந்தால் .30-06, ஒரே ரைஃபிளில் எல்லாம் பார்க்க வேண்டும் என்பவருக்கு நூறு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் அதைவிட நம்பகமானதை நான் காணவில்லை. உடம்பு மெலிந்தவர்களுக்கும், உதை பிடிக்காதவர்களுக்கும் 6.5 கிரீட்மோர். 2007-ல் வந்த தோட்டா, மென்மையாகச் சுடும், கடமானுக்கும் கிட்டத்திலிருந்து போதும். ஆனால் .270-க்குக் குறைந்த அளவு என்பதால், விக்டோரியாவில் இருப்பவர்கள் அங்கே கடமானுக்கு அது இப்போது அனுமதியா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். இப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி மாறும். கடைக்குப் போவதற்கு முன் அந்த ஊர் வேட்டைத் துறையின் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள். ஆப்பிரிக்க எருமையும் வட ஆஸ்திரேலியாவின் நீர் எருமையும் முதல் வருடத்துக்கு உரியவை அல்ல. அந்த நாள் வந்தால் .375, விரியும் குண்டு ஒன்று, எலும்பை உடைத்துப் போகும் கெட்டிக் குண்டு ஒன்று என்று இரண்டும் கையில் இருக்க வேண்டும், பக்கத்தில் அனுபவமுள்ள வேட்டை வழிகாட்டியும் வேண்டும்.

வாங்குவதற்கு முன் ரேஞ்சில் அதே தோட்டாவுள்ள ரைஃபிளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். மேசையில் சாய்த்து வைத்துச் சுடுவது கணக்கில் சேராது. காட்டில் மேசை இருக்காது. மண்டியிட்டும், உட்கார்ந்தும், மரத்தில் சாய்ந்தும் சுடுங்கள். ஒரு சாண் அகலமுள்ள அட்டையில் எந்தத் தூரம் வரைக்கும் ஒன்றுகூடத் தவறாமல் எல்லாக் குண்டும் விழுகிறதோ, அதுதான் அந்த வருடம் உங்கள் வேட்டைத் தூரம். 80 மீட்டர் என்றால் 80 மீட்டர். விமானத்தில் ரைஃபிளைக் கொண்டுபோகிறவர்கள் தோட்டாவைத் தனிப் பெட்டியில் 5 கிலோவுக்குள் வைக்க வேண்டும். இறங்கியதும், காட்டுக்குப் போவதற்கு முன், ஸ்கோப் அசைந்திருக்கிறதா என்று அட்டையில் மூன்று குண்டு சுட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.